பூனைக்கு எதற்குக் குலப்பெருமை?

"அம்மா தப்பு பண்ணிட்டா மேடம். அதனால இதுங்களுக்குக் காசு வேண்டாம், சும்மா எடுத்துட்டுப் போங்க."

சென்ற ஆண்டு சென்னைப் புறநகரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில், பெர்சியன் பூனை வளர்த்து விற்கும் ஒருவர் என்னிடம் சொன்னது இது. அவர் கைகாட்டிய கூண்டில் மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. முடி கொஞ்சம் நீளம். முகம் மட்டும் நம் தெருவில் பார்க்கும் பூனை முகம். "தப்பு பண்ணிய" அம்மா பக்கத்துக் கூண்டில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

என்ன தப்பு? ஒரு நாள் இரவு பால்கனிக் கதவைத் தாழிட மறந்துவிட்டார்கள். தெருவில் திரிந்த நாட்டுக் கடுவன் ஒன்று சன்ஷேடு வழியாக ஏறி வந்துவிட்டது. அவ்வளவுதான்.

காசுக்குரிய குட்டிகள் உள்ளே ஏசி அறையில் இருந்தன. "டால் ஃபேஸ்" 9,000 ரூபாய். "செமி பஞ்ச்" 18,000. மூக்கு முழுக்க உள்ளே அமுங்கி இரண்டு கண்களுக்கு நடுவே போய்விட்டால் அது "பஞ்ச் ஃபேஸ்". அதன் விலையை எங்களைப் பார்த்துவிட்டு அவர் சொல்லவே இல்லை. அப்பா "இம்போர்ட் லைன்" என்றார். நான்கு தலைமுறை முன்னோர்களின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை லேமினேட் செய்து வைத்திருந்தார். "பியூர் மேடம். இதுல கலப்பே கிடையாது."

அந்தத் தாய்ப்பூனையை அடுத்த முறை பெர்சியன் கடுவனோடு சேர்த்தால் சரியாகிவிடாதா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "ஒரு தடவை நாட்டுக் கடுவன் சேந்துட்டா அந்த லைனே கெட்டுப்போச்சு மேடம். அடுத்த ஈத்துலயும் அது காட்டும்."

அவர் கொடுமைக்காரர் அல்ல. கூண்டுகள் சுத்தமாக இருந்தன. குட்டிகளை அவர் தூக்கிய விதத்தில் அன்பு இருந்தது. ஆனால் அந்தச் சொற்களை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருந்தேன், என்னைப் பற்றி.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் என் இணையரும் திருமணம் செய்துகொண்டோம். நான் நாமக்கல் மாவட்டத்தில் நிலமும் சாதிச் செருக்கும் உள்ள ஓர் இடைநிலைச் சாதிக் குடும்பத்தில் பிறந்தவள். அவர் அருந்ததியர். பதிவு அலுவலகத்திலிருந்து வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். போனை வாங்கிய பெரியம்மா என்னிடம் பேசவில்லை. அருகிலிருந்த அம்மாவிடம் சொன்னது மட்டும் கேட்டது: "உம்புள்ள தப்புப் பண்ணிட்டா. இனி சின்னவளுக்கு எங்கிருந்து வரன் வரும்?" நான் "கெட்டதால்" என் தங்கையும் கெட்டுவிட்டாள். அடுத்த ஈத்திலும் அது காட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியம் காதில் விழுவதற்கு முன் அரைமணி நேரமாக நான் "செமி பஞ்ச்" குட்டியைத்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். தவணையில் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். சாதி மறுத்துத் திருமணம் செய்த, பத்தாண்டுகளாக அம்பேத்கரைப் படித்துவரும், ஆய்வு உதவித்தொகையில் காலம் தள்ளும் எனக்கே "பியூர்" என்ற சொல் இனித்தது. இந்தக் கட்டுரை முதலில் எனக்கு எதிரானது. பிறகு உங்களுக்கு எதிரானது, தோழர்களே.

பூனை வாங்குவதில் எங்கே வந்தது சாதி?

இந்தக் கேள்வி வருமென்று தெரியும். "எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவராதீர்கள்" என்று சொல்வது பெரும்பாலும் சாதி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துத்தான். சொற்களிலிருந்து தொடங்குவோம்.

ஆங்கிலத்தில் சாதிக்கு வழங்கும் "காஸ்ட்" என்ற சொல், "காஸ்டா" என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. காஸ்டா என்றால் வம்சம், கால்வழி. மனிதருக்கு மட்டுமல்ல, கால்நடைக்கும் தாவரத்துக்கும் அந்தச் சொல் வழங்கியது. இங்கே வந்திறங்கிய போர்த்துக்கீசியர்கள் நம் சமூகத்தைப் பார்த்தபோது அவர்கள் கைக்கு அகப்பட்ட சொல் இதுதான்.

கடன் திரும்பவும் அடைக்கப்பட்டது. உலகெங்கும் ஆங்கில நூல்களில் நம் தெருநாயின் பெயர் "பரையா டாக்". இன்றும் இணையத்தில் தேடிப் பாருங்கள். யாருக்கும் சொந்தமில்லாத, எந்த வம்சப் பதிவிலும் இல்லாத நாய்க்கு, பறையர் என்ற ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயரை வைத்தார்கள். வானத்தையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளைத் தலையும் செந்நிறச் சிறகும் கொண்ட செம்பருந்து "பிராமினி கைட்". குப்பைமேட்டில் வட்டமிடும் கரும்பருந்து பழைய பறவை நூல்களில் "பரையா கைட்". இரண்டுமே செத்ததைப் பொறுக்கும் பறவைகள்தாம். துறைமுகத்தில் மிதக்கும் செத்த மீனைச் செம்பருந்து கொத்தித் தூக்குவதை நீங்களே பார்க்கலாம். வேலை ஒன்று, பெயரில் மட்டும் வருணம்.

நம் தமிழ் மட்டும் யோக்கியமா? "ஜாதி நாய்க்குட்டி விற்பனைக்கு" என்ற பலகையைப் படிக்காமல் வளர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்? சாதி உள்ளது உசத்தி, சாதி இல்லாதது தெருவில் திரிவது என்ற பாடத்தை நாம் கற்றது மனுஸ்மிருதியைப் படித்து அல்ல, இப்படிப்பட்ட பலகைகளைப் படித்துத்தான். இப்போது "ஜாதி" என்ற சொல் கூச்சமாக இருக்கிறது. அதனால் "பிரீட்" என்கிறோம்.

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டு உரிமையாளர் எங்களிடம் மூன்று கேள்வி கேட்டார். "நீங்க என்ன ஆளுங்க?" "நான்-வெஜ் சமைப்பீங்களா?" "செல்லப்பிராணி ஏதும் உண்டா?" பூனை வளர்க்க ஆசை என்றோம். "பெர்சியன்னா பரவால்ல. தெருப்பூனையெல்லாம் உள்ள விடாதீங்க, அசிங்கம் பண்ணும்" என்றார். முதலிரண்டு கேள்விக்கான பதிலில் அந்த வீடு எங்களுக்கு இல்லையென்று ஆனது. மூன்றாவது கேள்வியில் மட்டும் ஒரு வழி இருந்தது. நாங்கள் பெர்சியன் பூனையாகப் பிறந்திருக்க வேண்டும்.

150 ஆண்டுப் பழமையை ஆதியென்று விற்றவர்கள்

பூனை மனிதரோடு வாழத் தொடங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன. மேற்காசியாவில் உழவர் தானியத்தைச் சேமித்தார்கள். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடும் கிடைத்தது. இந்தப் பத்தாயிரம் ஆண்டில் மிகப் பெரும்பகுதி, யாரோடு சேர்வது என்பதைப் பூனைகளே முடிவு செய்தன. வம்சப் பதிவேடு என்ற ஒன்று பூனைக்கு வந்தது நேற்றுத்தான்.

1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வீர் என்ற ஓவியர் பெரிய பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். இன்றைய பூனைக் கண்காட்சிகளுக்கெல்லாம் அதுவே தொடக்கம். அந்தக் காலத்துக் கண்காட்சிகளில் உழைக்கும் மக்களின் பூனைகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. சீமாட்டியின் பூனையும் தொழிலாளியின் பூனையும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாதல்லவா? 1887-ல் தேசியப் பூனைக் கழகம் உருவாகி வம்சப் பதிவுகளைத் தொடங்கியது. அதன் முதல் தலைவரான வீரே பிறகு அதிலிருந்து வெளியேறினார். உறுப்பினர்களுக்குப் பூனையின் நலத்தைவிடப் பரிசுதான் பெரிதாகிவிட்டது என்பது அவருடைய மனக்குறை.

இதே நகரத்தில், இதே பத்தாண்டுகளில், பிரான்சிஸ் கால்டன் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் நல்ல நாயும் நல்ல குதிரையும் கிடைக்கும்போது, நல்ல மனிதரை ஏன் அப்படி உருவாக்கக் கூடாது என்பது அவர் வாதம். 1883-ல் அதற்கு "யூஜெனிக்ஸ்" என்று பெயர் வைத்தார். 1907-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் "தகுதியற்றவர்களுக்கு" கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. 1933-ல் இட்லரின் ஜெர்மனி இயற்றியது. கொட்டகையில் கற்றதை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பூனைக் கண்காட்சிதான் நாஜிகளை உருவாக்கியது என்று நான் சொல்லவில்லை. "தூய வம்சம்" என்ற எண்ணம் விலங்கோடு நின்றதே இல்லை என்கிறேன்.

சரி, அந்தத் தூய்மையாவது உண்மையா? பெர்சியன் பூனை பெர்சியாவிலிருந்து வந்தது என்பது குலக்கதை. 2008-ல் வெளியான மரபணு ஆய்வு, இன்றைய பெர்சியன் பூனைகள் மேற்கு ஐரோப்பாவின் சாதாரணப் பூனைகளோடுதான் நெருங்கி நிற்கின்றன என்று காட்டியது. பர்மீஸ் என்ற இனத்தின் ஆதித்தாய், 1930-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்ட வாங் மாவ் என்ற ஒற்றைப் பூனை. அதுவே ஒரு கலப்பினம். காது மடங்கிய ஸ்காட்டிஷ் ஃபோல்டை இன்ஸ்டாகிராமில் கொஞ்சுகிறீர்களே, அதன் ஆதித்தாய் 1961-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் எலி பிடித்துக்கொண்டிருந்த பூனை. ஊர் பேர் தெரியாத பூனைக்கு ஒரு குறைபாட்டோடு குட்டி பிறந்தது. அந்தக் குறைபாடு அழகென்று பட்டது. அதற்கு ஒரு பெயரும் பதிவேடும் கிடைத்தன. ஒவ்வொரு உயர்குலத்தின் பின்னாலும் இப்படியொரு கொட்டகை இருக்கிறது. புராணம் எழுதுபவர்கள் அதை எழுதுவதில்லை.

விலையைப் பூனை கொடுக்கிறது

அந்த மடங்கிய காது குருத்தெலும்பு நோயின் அடையாளம். அதே நோய் காதோடு நிற்காமல் கால் மூட்டிலும் வாலிலும் இறங்கி, நடக்கவே வலிக்கும்படி செய்யும். மடிந்த காதுள்ள இரண்டைச் சேர்த்தால் குட்டிகளுக்குக் கொடிய ஊனம் வரும் என்பதால், அந்த "இனத்தை" நீட்டிக்கவே வேறு இனத்தோடு கலக்க வேண்டியிருக்கிறது. கலப்பை வெறுக்கும் தூய்மை, கலப்பால்தான் உயிர் பிழைக்கிறது.

பெர்சியனுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உண்டு. தாய் தந்தையில் ஒருவரிடம் இருந்தாலே குட்டிக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. 2004-ல் அதற்குக் காரணமான மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டுப் பரிசோதனைகள் வருவதற்கு முன், உலகின் பெர்சியன் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த நோயோடு இருந்தன. மூக்கை உள்ளே அமுக்கியதால் கண்ணீர் வடியும் குழாய் வளைந்து கண்ணில் எப்போதும் நீர் ஒழுகும். மூச்சு இரையும். சென்னையின் மே மாத வெயிலில், மின்வெட்டில், அந்த மூக்கோடும் அந்த ரோமத்தோடும் ஓர் உயிர் என்ன பாடுபடும்? 18,000 ரூபாயில் நாம் வாங்குவது அந்த மூச்சுத் திணறலைத்தான். மூக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு விலை என்றால், நோய்க்கு ஏற்றபடி விலை வைத்திருக்கிறோம் என்று பொருள்.

"தப்பு பண்ணிய" பெண்கள்

இப்போது அந்தக் கூண்டுக்குத் திரும்பி வருவோம். "ஒரு தடவை நாட்டுக் கடுவன் சேந்துட்டா லைனே கெட்டுப்போச்சு" என்பது அவர் கண்டுபிடித்த நம்பிக்கை அல்ல. அதற்கு ஐரோப்பாவில் "டெலிகனி" என்று பெயரே உண்டு. 1820-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மோர்டன் பிரபு என்பவர், தன் பெண் குதிரையை வரிக்குதிரை வகையைச் சேர்ந்த குவாகா ஒன்றோடு முதலில் சேர்த்ததால், பிறகு அது அரபுக் குதிரைக்கு ஈன்ற குட்டிகளிலும் வரிகள் தெரிந்தன என்று ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அறிவுலகம் அதை நம்பியது. டார்வின்கூட அதைத் தன் நூலில் எடுத்தாண்டார். நாய், குதிரை வளர்ப்பவர்கள் ஒரு முறை "கெட்ட" பெட்டையை ஒதுக்கிவைத்தார்கள். 1890-களில் ஸ்காட்லாந்தில் காசர் எவார்ட் என்ற விலங்கியலாளர் வரிக்குதிரையையும் குதிரைகளையும் வைத்துப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, அப்படியொன்று நடப்பதாக எந்தச் சான்றும் இல்லை என்று காட்டினார். ஒரே ஈத்தில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு கடுவன்கள் தந்தையாக இருக்கலாம். பூனைகளில் அது இயல்பு. ஆனால் முடிந்துபோன சேர்க்கை அடுத்த ஈத்தைத் தொடாது.

அறிவியலில் செத்துப்போய் 120 ஆண்டுகள் கடந்த ஒரு நம்பிக்கை, சென்னைப் புறநகரில் எப்படி உயிரோடு இருக்கிறது? அதற்குச் சோறு போடுபவர்கள் இங்கே இருக்கிறார்கள். கடுவன் எத்தனை தெருப்பூனையோடு சேர்ந்தாலும் அதன் "லைன்" கெடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த "இம்போர்ட்" அப்பா ஒரு நாள் வெளியே ஓடிப்போய் ஒரு வாரம் கழித்து வந்ததாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கெடுவது பெட்டை மட்டும்தான். "கற்பு" என்ற சொல் பெண்ணுக்கு மட்டும் ஏன் இருக்கிறது என்று "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் பெரியார் எழுப்பிய கேள்வியை அந்த ஏசி அறையிலும் கேட்கலாம்.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். அந்த அகமணத்தைக் காக்கத்தான் உடன்கட்டையும், கட்டாய விதவைக்கோலமும், குழந்தைத் திருமணமும் தேவைப்பட்டன என்று விளக்கினார். அதாவது, சாதியின் எல்லைச்சுவர் பெண்ணின் உடல்மீது எழுப்பப்படுகிறது. பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாள் அதற்காகத்தான்.

எங்கள் மாவட்டத்தில் அந்தத் தாழ்ப்பாளின் பொருள் என்னவென்று எங்களுக்குத் தெரியும். 2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. தலித் இளைஞரான அவர் செய்த "குற்றம்", வேறு சாதித் தோழி ஒருவரோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். இந்தப் பெயர்களைப் பூனை பற்றிய கட்டுரையில் எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "லைன் கெட்டுடும்" என்ற பேச்சு வீட்டுக்குள் எவ்வளவு சாதுவாக, எவ்வளவு செல்லமாகப் புழங்குகிறது என்று நாம் பார்க்கத் தவறுகிறோம். அரிவாளைத் தூக்குபவன் அந்தப் பேச்சை வெளியே எங்கும் கற்றுக்கொள்ளவில்லை.

சாதி ஒரு "பிரீட்" அல்ல

"அப்படியானால் மனிதரை விலங்கோடு ஒப்பிடுகிறீர்களா? ஒடுக்கப்பட்டவர்களை விலங்கென்று சொல்லித்தானே ஒடுக்கினார்கள்?" என்று என் இணையர் இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துவிட்டுக் கேட்டார். சரியான கேள்வி. அதற்கு என் பதில்: ஒப்பிட்டது நானல்ல. சாதிதான் மனிதரை விலங்கு இனங்களைப் போலப் பிரித்து வைத்திருப்பதாகப் பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை உடைக்க, உண்மையான விலங்கு இனம் எப்படி உருவாகிறது என்று பார்த்தாக வேண்டும்.

பெர்சியனும் நாட்டுப் பூனையும் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபடுகின்றன. கூண்டும் தாழ்ப்பாளும் போட்டு, தலைமுறைக்குத் தலைமுறை ஒரே உருவத்தைத் தேர்ந்தெடுத்ததால் வந்த வேறுபாடு அது. சாதியிடம் அந்த வேறுபாடுகூட இல்லை. 1936-ல் "சாதி ஒழிப்பு" நூலில் அம்பேத்கர் இந்த இனத்தூய்மை வாதத்தை எடுத்துவைத்து அடித்தார். இனத்தூய்மை பேசும் அறிவியலாளர்களே மனித இனங்களை வெவ்வேறு உயிரினங்கள் என்று சொல்வதில்லை என்று நினைவூட்டினார். சாதி உருவானதே மக்கள் கலந்து முடிந்த பிறகுதான் என்றார்.

77 ஆண்டுகள் கழித்து மரபணுவியல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்களும் பங்கேற்ற 2013-ஆம் ஆண்டு ஆய்வு, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இத்துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்தார்கள் என்றும், அதன் பிறகே அகமணம் இறுகியது என்றும் காட்டியது. நம்மில் கலப்பற்றவர் ஒருவரும் இல்லை. "எங்கள் இரத்தம்" என்று மீசையை முறுக்குபவரின் இரத்தமும் கிராஸ்தான்.

அகமணம் தந்த பரிசு என்ன தெரியுமா? 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பார்க்கப்பட்ட 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகி, உள்ளுக்குள்ளேயே மணந்து வந்தவை என்று தெரிந்தது. அதனால் அரிய பரம்பரை நோய்கள் அந்தக் குழுக்களுக்குள்ளேயே சுற்றுகின்றன. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து வைசியர்களில் சிலருக்கு ஆபத்தாகும் குறைபாடு இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. பெர்சியனின் சிறுநீரகமும் இதுவும் ஒரே கணக்கு: சுவருக்குள் அடைத்தால் நோயும் உள்ளேயே தங்கும். ஒரே வேறுபாடு, பூனைக்குத் தாழ்ப்பாளை வேறொருவர் போடுகிறார். நாம் நமக்கே போட்டுக்கொள்கிறோம்.

ஒரு குறும்புக் கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். "பூனைக்குச் சான்றிதழ் கூடாதென்றால், பள்ளியில் சாதிச் சான்றிதழ் மட்டும் எதற்கு?" அந்தத் தாள், பிறப்பால் பறிக்கப்பட்டதைத் திரும்பக் கேட்பதற்கான ஆவணம். பூனையின் தாள், பிறப்பை விலையாக்குவதற்கான ஆவணம். இரண்டையும் ஒன்றென்று சொல்பவருக்குப் பூனைமீதும் அக்கறை இல்லை, மனிதர்மீதும் இல்லை.

நேர்மையான கேள்விகளுக்கு

"எந்த இனம் என்று தெரிந்தால் குணம் முன்கூட்டியே தெரியும், வீட்டில் குழந்தை இருக்கிறது" என்கிறார் ஒரு தோழர். ஓரளவு உண்மை. ஆனால் குட்டிப் பருவத்தில் மனிதக் கைபட்டு வளர்ந்ததா என்பது பூனையின் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வளர்ந்த நாட்டுப் பூனையைத் தத்தெடுத்தால் குணத்தைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு எடுக்கலாம். "அலர்ஜி வராத இனம் உண்டாமே" என்கிறார் இன்னொருவர். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது. எல்லாப் பூனைக்கும் எச்சில் உண்டு.

"கருத்தடை செய்யச் சொல்கிறீர்களே, அதுவும் சேர்க்கையைக் கட்டுப்படுத்துவதுதானே?" இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி. ஆம், அதுவும் கட்டுப்பாடுதான். அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் குட்டிகள் தெருவில் வண்டியடியில் சாகாமலிருக்கச் செய்வதற்கும், தாழ்ந்த கடுவன் தீண்டிவிடக் கூடாதென்று செய்வதற்கும் இடையே நோக்கம் வேறு. கருத்தடை எந்தக் கடுவனையும் தாழ்ந்தது என்று பெயர் வைப்பதில்லை.

"வெளிநாட்டு இனம்தானே தவறு? ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்க்கலாமே?" 2017 மெரினாவுக்குப் பிறகு இந்தக் குரல் நம் பக்கத்திலேயே ஓங்கி ஒலிக்கிறது. உள்ளூர்க் கால்நடைகளின் மரபு வளத்தைக் காப்பது தேவையான வேலை. அதைச் சாக்காக வைத்து "சுத்தமான ராஜபாளையம்" என்று மார்தட்டுவது பழைய சரக்கு. வெள்ளை வெளேரென்ற நிறத்துக்காகவே வளர்க்கப்பட்ட அந்த நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை இருப்பது ஆவணப்படுத்தப்பட்ட செய்தி. தமிழ்ப் பெயர் வைத்தால் தூய்மைவாதம் முற்போக்காகிவிடாது.

"ஏற்கெனவே பிறந்துவிட்ட பெர்சியன்கள் என்ன பாவம் செய்தன?" ஒன்றும் செய்யவில்லை. ஆசை தீர்ந்து கைவிடப்பட்ட பெர்சியன்கள் முடி சிக்குப்பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு நம் தெருக்களில் திரிகின்றன. அவற்றை எடுத்து வளர்ப்பவர்களை வணங்குகிறேன். நான் எதிர்ப்பது பூனையை அல்ல, தாளை. கைவிடப்பட்டதைத் தூக்கினால் ஓர் உயிர் பிழைக்கிறது. காசு கொடுத்து வாங்கினால் அடுத்த கூண்டுக்கு முன்பணம் கொடுத்ததாகிறது.

இன்னொன்று. தெருப்பூனையை எடுத்ததாலேயே நாம் சாதியை ஒழித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாட்டுப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, திருமணத் தகவல் மையத்தில் "சொந்தச் சாதி மட்டும்" என்று குறி போடும் முற்போக்காளர்களை எனக்குத் தெரியும். பூனையில் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டால் அது பொழுதுபோக்கு. ஆனால் "பியூர்", "லைன்", "கிராஸ்" என்ற சொற்கள் பூனைமீது விழும்போதே நம் காதில் உறுத்த வேண்டும். அங்கே உறுத்தாதவர்களுக்குக் கல்யாணப் பேச்சிலும் உறுத்தாது.

அன்று நாங்கள் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். தாய்ப்பூனையையும் எடுத்துக்கொள்கிறோமா என்று கேட்டார், இனி அதனால் வருமானமில்லையாம். இப்போது இரண்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஆய்வேட்டுக் கட்டின்மீது தூங்குகின்றன. எலித்தொல்லை பாதிதான் குறைந்தது. "கெட்டுப்போன" அம்மா மாலை வேளையில் ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். கேமராவுக்குக் குறுக்கே அது நடந்துபோனது.

"அட, எவ்வளவு முடி! என்ன சாதிப் பூனை கண்ணு அது?"

"பூனைச் சாதிதாம்மா."

அம்மா சிரித்தார். பிறகு அது என்ன தின்னும், எங்கே தூங்கும் என்று வெகுநேரம் விசாரித்தார். அருகில் உட்கார்ந்திருந்த மருமகன் சாப்பிட்டாரா என்று கேட்க அவருக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆறு ஆண்டுகள் ஆகின்றன.